சிவப்பைத் தொட்ட முள்

இல்லறத்தில் தம் பக்கம் பேச ஒரு சாட்சி வேண்டும் என்று பாய்லர்காரர் முடிவு செய்தார். மனிதச் சாட்சி உதவாது. அண்டை அயலார் அனைவரும் மனைவியின் கட்சி. ஆதலால், வாய் திறவாததும் எவராலும் மறுக்கவொண்ணாததுமான ஒரு முள்ளைச் சாட்சியாக நியமிப்பதே உய்யும் வழி என்று துணிந்தார்.

அவர் பணி செய்த துணி ஆலையின் பாய்லர் அறையில், சுவர் நிறைய வட்ட வட்டமாக மீட்டர்கள் இருந்தன. முள் சிவப்பைத் தொட்டால் அவர் கையை உயர்த்துவார். மேலாளர் முதலாக எல்லாரும் வாய் பொத்தி நிற்பர். முள்ளோடு வாதாடியவரை அவர் தம் ஆயுளில் கண்டதில்லை. வீட்டில் அவர் கையை உயர்த்தினால், மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுத்துத் தரப் போகிறார் என்றே மனைவி கருதுவாள்.

அவருடைய குறை இதுதான். விடுமுறை தோறும் மாலையில் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போயாக வேண்டும். குன்றின் சரிவேறி உச்சியை அடைந்தால் அந்த வீடு. மைத்துனர் உத்தமர். பணி ஓய்வு பெற்றபின் புல்லாங்குழல் பழகத் தொடங்கினார் என்பதன்றி அவர்மேல் வேறு குற்றமில்லை. அக்குழலில் காற்று வரும், எச்சில் வரும், எப்போதேனும் மனமிரங்கி இசையும் வரும். அவர் குழலை எடுத்ததும் அவருடைய மனைவி வாசல் வேலை ஏதேனும் தேடிக்கொள்வாள். எஞ்சிய செவிகள் தங்கை கணவருடையவை.

இந்தப் பிறவித் துன்பத்திலிருந்து விடுபடவே ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் வந்து சேர்ந்தது. ஒரு விடுமுறைக் காலையில் வாசலில் சாக்கை விரித்து, வழிபாட்டுக்கு அமர்பவர் போல மோட்டார் சைக்கிளின்முன் அமர்ந்தார். எஞ்சினின் அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். கரிய தாரையாக இறங்கிய பழைய ஆயிலில் பாதியைத் தட்டு ஏந்தியது; மீதியை அவர் மடி ஏந்தியது. கழற்றிய போல்ட்டின் இடத்தில் சென்சார் பதித்த புதிய போல்ட்டைச் செம்பு வாஷரோடு முறுக்கினார். புதிய ஆயிலை ஊற்றினார். ஒயரை டேங்கின் அடியில் நுழைத்து ஹேண்டில்பார் வரை கொணர்ந்து, மீட்டரைக் கண்ணாடியின் அருகே நிலைநிறுத்தினார். அவரையறியாமல் கைகள் குவிந்தன.

மருத்துவமனையில் நர்ஸாக இருந்த மனைவி, வேலை முடிந்து வந்து அதை உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"எஞ்சின் ஆயில் எவ்வளவு சூடா இருக்குன்னு காட்டும். முள் சிவப்புக்குப் போயிட்டா வண்டியை நகர்த்தவே கூடாது."

"நகர்த்தினா?"

"எஞ்சின் போயிடும்."

"அப்போ எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"முழுசா ஆறணும். முள் சொன்னா சொன்னதுதான். அதுல பேச்சே இல்லை."

"சரிங்க," என்றாள் அவள்.

அவள் இத்தனை எளிதில் இசைந்தது நல்ல அறிகுறியன்று. வெற்றிக் களிப்பில் இருந்தவருக்கு அது புலப்படவில்லை.

அன்று மாலை சரிவேறும்போது அவர் முதல் கியரை விட்டு மாறவேயில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கியபடி, பின் பிரேக்கையும் மெல்ல மிதித்தே வந்தார். எஞ்சின் கதறியது. பாதி வழியில் முள் சிவப்பைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி, நெருங்கிய உறவினரை இழந்தவர் போன்ற முகத்தோடு, இனி ஏறுவது முறையன்று என்றும், ஆறியபின் வீடு திரும்புவதே நலம் என்றும் எடுத்துரைத்தார். மனைவி ஒரு கல்லின்மேல் அமர்ந்தாள். பொழுது போவதற்காக, டிஸ்சார்ஜ் ஆக மனமில்லாமல் தெர்மாமீட்டரைச் சுடுகாப்பியில் தோய்த்து வைத்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இப்படியும் ஏமாற்றுவார்களா என்று வியக்கவும் செய்தார்.

அடுத்த விடுமுறையன்று, தானே ஓட்டி வருவதாகவும் அவர் பின்னால் இளைப்பாறலாம் என்றும் அவள் பரிவோடு கூறினாள். மறுக்க வழியில்லை, அண்ணனிடமே மோட்டார் சைக்கிள் பழகியவள் அவள். உரிய இடங்களில் கியரை மாற்றினாள். முள் பச்சையிலேயே கண்வளர்ந்தது. உச்சியை அடைந்ததும் மைத்துனர் ஓடிவந்து அவர் கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்றார். மனைவியோ இறங்கி, வாசலிலிருந்த அண்ணியோடு அளவளாவத் தொடங்கினாள். எஞ்சினை அணைக்கவில்லை. பேச்சினிடையே ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவாள், மீண்டும் பேசுவாள். உள்ளே அமர்ந்திருந்தவர், காதில் விழுந்த உறுமலைக் கேட்டு, குழலின் கீழ்ச்சுரம் முன்னினும் தேறியிருப்பதாக எண்ணிக்கொண்டார்.

ஒருவழியாக, அதிகாலை ஷிஃப்ட் இருப்பதாக முறையிட்டு விடைபெற்று வாசலுக்கு வந்தார். மீட்டரைப் பார்த்தார். முள் சிவப்பில் நின்றது.

"ஏம்மா, வண்டியை அணைக்காமலா விட்டே?"

"அண்ணிகிட்ட பேசிட்டிருந்தேனா, மறந்தே போச்சுங்க." அவள் அப்போதுதான் சாவியைத் திருகி அணைத்தாள்.

"இவ்வளவு நேரமுமா?"

"போன தடவை நீங்க மேடு ஏற ஏற பிரேக்குல இருந்து காலை எடுக்க மறந்தீங்கல்ல, அது மாதிரிதான்."

பாய்லர்காரர் சற்றுநேரம் டயரை ஆராய்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது சும்மா மீட்டர்தாம்மா. இறக்கம்தானே, மெதுவா உருட்டிக்கிட்டே போயிடலாம். ஒண்ணும் ஆகாது."

"எஞ்சின் போயிடும்னு சொன்னது நீங்கதானே? காய்ச்சலோட எங்க வார்டுல யாரையும் வீட்டுக்கு அனுப்பறதில்லைங்க."

பேச்சுக்குரல் கேட்டு மைத்துனர் குழலும் கையுமாக வெளியே வந்தார். தங்கை அவருக்கு மீட்டரைக் காட்டி, அதன் பெருமைகளைக் கணவர் உரைத்தவாறே, ஒரு சொல்லும் குறையாமல் விளக்கினாள். அண்ணன் குனிந்து முள்ளைப் பயபக்தியோடு நோக்கினார்.

"ஆறறதுக்கு நேரமாகுமா?"

"முழுசா ஆறணும் அண்ணா. அதுல பேச்சே இல்லை."

மைத்துனரின் திருமுகம் மலர்ந்தது. பாய்லர்காரரின் தோளில் கையைப் போட்டு உள்ளே திருப்பினார்.

"நல்லதாப் போச்சு, வாங்க மாப்பிள்ளை. இவ்வளவு நேரம் நான் சுருதிதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."