கஞ்சி போட்ட கழுத்து

“மூச்ச இழுத்துப் புடிங்க!” புஷ்பலதா தன் புருஷன் வடிவேலின் முதுகில் முழங்காலைக் கொடுத்துக் கயிற்றை இழுத்தாள்.

“இதுக்கு மேல இழுத்தா மூச்சு உள்ளயே நின்னுடும்டி!”

தாமுவேயில் தையல் கடை வைத்த நாள் முதலாக இப்படி ஓர் ஆர்டர் புஷ்பலதாவுக்கு வந்ததில்லை. நானூறு வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்கார ராணியின் கவுன். பிரம்பு வளையம் வைத்த பாவாடை, முதுகில் கயிறு, கழுத்தைச் சுற்றித் தாம்பாளம் அகலத்துக்கு மடிப்பு மடிப்பாய் ஒரு பட்டை. எல்லாம் போனில் மெசேஜாக வந்தது. ‘நாடகத்துக்கு. மார்பு நாற்பத்து நாலு. கழுத்தில் இருபத்து நாலு மடிப்பு. மூன்று வாரம் கழித்து ஞாயிறு நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.’ பெயர் கேட்டதற்குப் பதில் இல்லை.

“நாப்பத்து நாலா? நல்ல வாட்டசாட்டமான ராணிதான்” என்று அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவர் வடிவேல். தன் அளவும் அதுதான் என்பதை அப்போதே யோசித்திருக்கலாம், பாவம்.

“துணி பத்தல. இருபத்திரண்டு மடிப்போட நிறுத்திட்டேன்” என்றாள் புஷ்பலதா. “யாரு எண்ணப் போறா?”

ஞாயிறு காலையில் கரண்ட் போய்விட்டது. கஞ்சியில் தோய்த்த மடிப்பை இஸ்திரி போட வழியில்லை. பட்டையைக் கவுனோடு சேர்த்துத் தைத்தாயிற்று; முழுசாக ஓர் ஆளுக்கு மாட்டித்தான் காயவைக்க வேண்டும். யார் கழுத்து என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

நன்றாகவே காய்ந்தது. பட்டை பலகையாகிவிட்டது. வழிந்த கஞ்சியைக் குடித்த முதுகுக் கயிறு, முடிச்சு எது கயிறு எது என்று தெரியாதபடி இறுகிப்போனது.

மகள் அனு ஓடிவந்தாள். “அமே லே! அம்மாடியோ! அப்பா, இன்னும் இதுலயா இருக்கீங்க? அவங்க தன்லியின் பாலம் தாண்டிட்டாங்களாம்!”

பெண் பார்க்க வருகிறார்கள். அனுவும் சுரேந்திரனும் இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ஆனால் சுரேந்திரனின் அப்பா, பர்மிய வழக்கப்படி எல்லோரும் மரியாதைக்கு ‘ஊ’ சேர்த்துக் கூப்பிடும் ஊ சந்திரன், தலையாட்டினால்தான் கல்யாணம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“கத்திரிய எடு!” என்றார் வடிவேல்.

“கத்திரி வச்சீங்க, நடக்கிறதே வேற! மூணு வார உழைப்பு. இன்னிக்கு வாங்க வராங்க!”

முடிச்சில் தண்ணீர் ஊற்றினாள். அது இன்னும் ஊதிக்கொண்டது. அவரை உள்ளறைக்குத் தள்ளினார்கள். பாவாடை வாசற்படியிலேயே மாட்டிக்கொண்டது. அம்மாவும் மகளும் சேர்ந்து திரும்பப் பிடுங்குவதற்குள் வாசலில் கார் சத்தம்.

“துணிக்கடைப் பொம்மை மாதிரி நில்லுங்க! அசையக்கூடாது!” என்று அவரை மூலையில் நிறுத்தி, தலையில் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

ஊ சந்திரனும் அவர் மனைவி காளியம்மாவும் சுரேந்திரனும் வந்து உட்கார்ந்தார்கள். அனு, ஊறவைத்த தேயிலையில் செய்த லபெட் தட்டை நீட்டினாள்.

“வீட்டுக்காரர் இல்லையா?” என்றாள் காளியம்மா.

“அவசரமா ஷ்வேப்யிதா வரைக்கும் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு.”

ஊ சந்திரன் லபெட்டைத் தொடவில்லை. அனுவையும் பார்க்கவில்லை. மூலையையே முறைத்துக்கொண்டிருந்தார். அனுவுக்கு முகம் வாடிவிட்டது.

அதற்குள் சுவரோரமாகப் போன எறும்புகளுக்குக் கஞ்சி வாசனை எட்டிவிட்டது. பொம்மை ஒரு தோளைக் குலுக்கியது. பிறகு இடுப்பை வளைத்தது.

“காத்து” என்றாள் புஷ்பலதா. ஓர் இலைகூட அசையாத நாள் அது.

ஓர் எறும்பு மூக்குக்குள் போனது. “ஹச்ச்!”

துண்டு பறந்தது. பட்டைக்கு நடுவில் பெரிய மீசையோடு வெள்ளைக்கார ராணி நின்றாள்.

“வாங்க... வாங்க...” என்று வடிவேல் கைகூப்பினார். பட்டை இடித்ததால் தலை குனியவில்லை.

அனுவின் கண் கலங்கியது. போச்சு, என் பொண்ணு வாழ்க்கையை நானே கெடுத்துட்டேன் என்று புஷ்பலதா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஊ சந்திரன் எழுந்தார். மெதுவாக நடந்து மூலைக்குப் போனார். வடிவேலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கழுத்துப் பட்டையில் விரல் வைத்து ஒவ்வொரு மடிப்பாகத் தொட்டுக்கொண்டே போனார்.

“இருபத்திரண்டுதான் இருக்கு, நான் இருபத்து நாலு கேட்டிருந்தேன்” என்றார். “அது போகட்டும். என் கவுன நீங்க ஏன் போட்டிருக்கீங்க, சம்பந்தி?”