ரமீரோவைக் கொடுத்து வெஸ்லியை வாங்கினார்கள்

கெல்லர்ஸ்பர்க், விஸ்கான்சின்
ஆகஸ்ட், ஞாயிறு காலைப் பூசை முடிந்து

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒருங்கே உரிய மைத்துனன் ஃபெலிக்ஸுக்கு, உன் அத்தான் கேசிமிர் ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அக்கா லோரெய்னும் உடம்பளவில் சுகம். அங்கே உன் முடிதிருத்தும் கடையும் உன் முதுகுவலியும் எப்படியிருக்கின்றன என்று தெரியப்படுத்தவும். கோபம் எதற்கென்றால், எங்கள் ரமீரோவைக் கொண்டுபோன ஊரில் நீ குடியிருக்கிறாய், அதற்கு.

மூன்று கோடைக்காலம் எங்கள் மாடியறையில் தங்கி, எங்கள் ஊர் பேஸ்பால் அணியான நாரைகளுக்குக் கேட்சராக, மட்டைக்காரன் முதுகுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிப்பவனாக, ஆடியவன். ஞாயிறு தோறும் பீன்ஸும் சோறும் சமைத்து எங்களுக்கும் போட்டவன். உன் அக்காவை ‘மம்மா’ என்று கூப்பிடுவான். கூரைத் தகரம் ஒழுகினால் சொல்லாமலே ஏறி அடைப்பான். அவனை ஜூன் மாதம் உங்கள் ஓக்மியர் அணிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வெஸ்லி டக்கெட் என்றொரு இடதுகைப் பந்து வீச்சாளனை வாங்கிவந்தார்கள். ஓக்லஹோமாக்காரன், கொக்கு மாதிரி உயரம். ரமீரோ படுத்த கட்டிலிலேயே அவனைப் படுக்கவைக்கச் சொல்லி அணி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் முடியாது என்பதற்குள் உன் அக்கா போர்வையை மாற்றிவிட்டாள்.

“ரமீரோவுக்கு முட்டி போயிடுச்சுங்க. படியேறினா துருப்பிடிச்ச கதவு மாதிரி கிரீச்சுங்குது. உங்களுக்குத்தான் கேக்கல” என்கிறாள்.

வெஸ்லி வந்த மறுநாளே மாதாகோவில் விருந்துக்குச் சுட்டுவைத்த செர்ரிப்பழப் பலகாரத்தை முழுசாகத் தின்றுவிட்டான். “சார், மேசையில இருந்துச்சு, எனக்குத்தான்னு நெனச்சேன்” என்கிறான். குளியலறையில் நுழைந்தால் ஜெபப்பாட்டு. அதுவும் ஒரே பாட்டு, அதிலும் முதல் வரி மட்டும். வண்டிக்கொட்டகைச் சுவரில் பழைய மெத்தையைத் தொங்கவிட்டுப் பந்தெறிந்து பழகினான். ஒரு பந்து மெத்தையைத் தாண்டி, ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு க்ரூபர் அம்மாளின் தக்காளிச் செடியில் போய் இறங்கியது. அந்த அம்மாள் பந்தைத் திருப்பித் தரவில்லை, தக்காளியைத்தான் திருப்பித் தந்தாள், வேலிக்கு மேலாக, என் சட்டை மீது. இது சரிப்படாது, யாராவது எதிரே உட்கார்ந்து பிடித்தால்தான் ஊர் பிழைக்கும் என்று ரமீரோ விட்டுப்போன பழைய கையுறையை மாட்டிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனே தவிர எழுந்திருக்க முடியவில்லை, இரண்டு பேர் தூக்கவேண்டி வந்தது. மறுநாளும் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்காதே.

போன வெள்ளிக்கிழமை உங்கள் அணி இங்கே ஆட வந்தது உனக்குத் தெரியும். மத்தியானம் ரமீரோ வீட்டுக்கு வந்தான். லோரெய்ன் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வேகவைத்து இரண்டு பேருக்கும் ஒரே மேசையில் பரிமாறினாள். “அந்தக் கட்டில்ல இடது பக்கம் படுக்காதடா, கம்பி குத்தும்” என்று ரமீரோ சொல்ல, “அது தெரிஞ்சு ரெண்டு மாசமாச்சு அண்ணே” என்று இவன் சொல்ல, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் கொழுக்கட்டையை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் கடைசிச் சுற்றுக்கு வந்தது. நாங்கள் ஒரே ஓட்டம் முன்னால். வெஸ்லி பந்து வீசுகிறான், மட்டையோடு நிற்பது ரமீரோ. ஃபெலிக்ஸ், நான் பாவி இல்லை. பந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்டதும் என் கால்தான் எழுந்தது, வாய்தான் கத்தியது: “அடிச்சான்டா என் ராசா!” பந்து வேலியைத் தாண்டி ஏரிப்பக்கம் போயிற்று. அடித்தவனோடு, முன்னமே பாதி வழியில் நின்றவனும் ஓடி முடித்துவிட்டான்; அதை எங்கள் முறையில் ஈடுகட்ட முடியாமல் நாங்கள் தோற்றோம். பந்து வேலி தாண்டிய அந்த நொடியில் மொத்த அரங்கமும் தலையில் கைவைத்திருக்க, நாரைகள் தொப்பி போட்ட ஒரு கிழவன் மட்டும் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். மேல்வரிசையிலிருந்து வேர்க்கடலைத் தொலி மழையாகக் கொட்டியது. அது போகட்டும். வெஸ்லி திரும்பி என்னைப் பார்த்தான்.

“அந்தப் புள்ள பாத்துடுச்சு” என்றாள் உன் அக்கா.

மறுநாள் காலை குளியலறையில் பாட்டு இல்லை. முட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவன், “சார், அவரு நல்ல ஆட்டக்காரரு. நீங்க கத்தினதுல தப்பில்ல. நான் வேணா வேற வீடு பாத்துக்கட்டுமா?” என்றான். கையுறையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் குந்தினேன். “வாடா. நேத்து ரமீரோவுக்குப் போட்ட கடைசிப் பந்தை இன்னொரு தடவை போடு” என்றேன். போட்டான். கையுறைக்குள் கட்டைவிரல் இருக்கிறதா என்று நான் தேடவேண்டியதாயிற்று.

“இதை நேத்தே போட்டிருந்தா என்னடா, படுபாவி?”

“நேத்து நீங்க எதிர்ல உக்காரலியே சார்” என்றான். பிறகு போய் ஆறு முட்டை தின்றான்.

ஆகவே என் தீர்ப்பைக் கேள். தின்றே வீட்டைக் காலி செய்கிறவன், ஜன்னலை உடைக்கிறவன், எழுபது வயதுக்காரன் விரலை வீங்கவைக்கிறவன்: இப்படியொருவனுக்காக ரமீரோவைக் கொடுத்தது நட்டம், சுத்த நட்டம். ஊரில் யார் கேட்டாலும் இதையே சொல்.

உன் கத்திரி மழுங்காமலும் உன் வீட்டில் சிரிப்பு குறையாமலும் கர்த்தர் காப்பாராக. ரமீரோவுக்கு என் முத்தம். நான் இடக்கைக்காரனாயிற்றே, கையுறை மாட்டி வீங்கிய அந்தக் கையாலேயே எழுதியது, கோணலைப் பொறுத்துக்கொள்.

அன்புள்ள அத்தான்,
கேசிமிர் டோம்ப்ரவ்ஸ்கி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது லோரெய்ன் ஓடிவந்தாள். வெஸ்லியை உங்கள் அணி கேட்கிறதாம், ரமீரோவைத் திருப்பித் தருகிறார்களாம். ஃபெலிக்ஸ், கெஞ்சிக் கேட்கிறேன், அது நடக்கக்கூடாது! உங்கள் மேனேஜர் உன்னிடம்தானே முடி வெட்டிக்கொள்கிறார்? நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சைப் போட்டுவிட்டு, இந்தக் கடிதத்திலிருந்து செர்ரிப் பலகாரம், ஜன்னல், தக்காளி, விரல் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டு. இந்தப் பின்குறிப்பை மட்டும் முதலில் கிழித்துவிடு.