மூடு அண்ணாச்சியும் சிரிப்பு வாயுவும்

எந்த மனிதருக்கு எப்போது சிரிப்பு வரும், எப்போது அழுகை வரும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரும் ராஜபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், சிலிண்டருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

எண்பதுகளின் கடைசி அது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டரம்மா, பிரசவ வலிக்கும் சின்னச் சின்ன ஆபரேஷனுக்கும் சிரிப்பு வாயு கொடுப்பார். அவர் சொல்கிற அளவுக்குச் சிலிண்டரைத் திறப்பது அண்ணாச்சியின் வேலை. ஆனால் "மூடு எப்படி?" என்று நோயாளியைக் கேட்காமல் அவர் கை அதைத் தொடாது. ஊருக்கே அவர் மூடு அண்ணாச்சி ஆகிவிட்டார்.

"கேஸ் புதுசா ஒண்ணும் குடுக்காது. உள்ள என்ன கெடக்கோ அதத்தான் கெளப்பி விடும்" என்பது அவர் கட்சி. மூக்கைச் சிந்திக்கொண்டு வரும் சொந்தக்காரர்களை வராந்தாவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அவர்களைப் பார்த்தால் நோயாளியின் மூடு கெட்டு, கேஸ் வீணாகிவிடுமாம்.

ஒரு மில் முதலாளி கட்டியை அறுக்க வந்தார். சிரித்தே பழக்கமில்லாத மனிதர். வளர்ப்பு நாயைக் கண்டால் மட்டும் முகம் மலருமென்று அண்ணாச்சி விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதை ஜன்னலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முகமூடி போட்ட எஜமானைப் பார்த்த நாய் போட்ட ஊளையில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. டாக்டரம்மா அண்ணாச்சியை ஒரு வாரம் ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்.

இன்னொரு முறை, கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்தாலே பந்தல் சிரிக்கும்படி பேசுகிற சவுண்டு சர்வீஸ்காரர், கேஸ் பிடித்ததும் தேம்பித் தேம்பி அழுதார். எல்லோருக்கும் ஆச்சரியம். அண்ணாச்சிக்கு இல்லை. அன்று காலையில் மகளோடு பெரிய சண்டை என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். இன்றைக்குக் கேஸ் வேண்டாம் என்று அண்ணாச்சி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். என் முதல் பிரசவம் அந்த ஆஸ்பத்திரியில்தான். அவசரமாகத் தூக்கிக்கொண்டு போனதில் அன்று மட்டும் அண்ணாச்சிக்கு என்னைக் கேட்க நேரமில்லை. நடுங்கிக்கொண்டே கேஸைப் பிடித்தேன். பயம் பத்து மடங்கானது. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. இதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். புத்திக்குப் புரிந்தது, மனசுக்குப் புரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் அதே அறை. இந்தக் குழந்தையாவது தங்க வேண்டுமே என்பதைத் தவிர மனசில் வேறு நினைப்பில்லை. வலி உயிரைப் பிடுங்கியது. நர்ஸ் நீட்டிய முகமூடியைத் தட்டிவிட்டேன். மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், மூடு எப்படி?"

"பயமா இருக்கு அண்ணாச்சி."

"அப்பப் புடிக்க வேண்டாம். போன தடவ கேக்காமத் தெறந்துட்டேன், அது என் தப்பு. செத்த நேரம் யாரையாவது திட்டுங்க."

திட்டுவதற்கு ஒரு டீச்சருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்! வலி எடுக்கும் நேரம் பார்த்து டீ குடிக்கப் போன கணவரில் ஆரம்பித்தேன். ஹெட்மாஸ்டர், ஸ்கூல் இன்ஸ்பெக்டர், பெயருக்குக்கூட நிற்காமல் போகும் பஸ் என்று ஒருவரையும் விடவில்லை. நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் துணிக்கு அப்பாலிருந்து "அம்புட்டுதானா?" என்று அவர் எடுத்துக்கொடுத்தார். கடைசியில் அவரையே பிடித்துக்கொண்டு, உருப்படாத மனுஷன் என்று தொடங்கி விளாசித் தள்ளினேன். நர்ஸ் சிரித்தாள், டாக்டரம்மா சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்பக் குடுங்கம்மா" என்றார் அண்ணாச்சி.

முகமூடியை நானே வாங்கி மூச்சை இழுத்தேன். வலி போகவில்லை; ஆனால் பக்கத்து வீட்டில் நடக்கும் சண்டை மாதிரி தள்ளிப் போய்விட்டது. சிரித்துக்கொண்டே பெற்றேன். மகள் வீறிட்டு அழுதாள்.

கூடவே துணிக்கு அந்தப் பக்கமும் ஓர் அழுகைச் சத்தம்.

"அண்ணாச்சி, கேஸ் எதும் கசியுதா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்லம்மா, மூடிட்டேன். இது என்னோடது."

இரண்டு வருடமாக என்னைப் போலவே அவரும் அந்த நாளைச் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று என் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்தது வசவு மட்டும்தான். நன்றியை இப்போதுதான் சொல்கிறேன், அண்ணாச்சி.