காஞ்சிபுரத்தின் முதல் உருண்டைத் தலை

காஞ்சிபுரத்திலேயே காமிரா ஸ்டாண்டுக்கு முதன்முதலாக உருண்டைத் தலை வாங்கியவன் நான்தான். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். எனக்கு முன்னால் யாராவது வாங்கியிருந்தால் தாராளமாக வரட்டும். (அவர் கதி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.) அந்தப் பெருமை மொத்தம் ஒன்பது நாள் நீடித்தது. பத்தாவது நாள் நடந்ததைத்தான் எங்கள் வீட்டில் இன்றுவரை வாய் ஓயாமல் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவன். பிள்ளையார்பாளையத்தில் பிறந்த பையனைத் தறிக்குழியில் உட்கார வைப்பது போல என்னையும் உட்கார வைத்தார்கள். தறியில் கை ஒரு வேலை செய்யும், கால் ஒரு வேலை செய்யும், கண் மூன்றாவதாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கையை நினைத்தால் கால் நின்றுவிடும். நான் நெய்த ஒரே புடவையை என் அப்பா விரித்துப் பார்த்தார். மறுநாள் அவரே போய், ஊரைவிட்டுப் போக இருந்த ஒரு கிழட்டு போட்டோக்காரரிடமிருந்து மரக் காமிராவையும் ஸ்டாண்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். முன்பக்கம் துருத்தி நீளும், பின்பக்கம் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும், உள்ளே கண்ணாடித் தட்டு போட வேண்டும். ஒரு ஆட்டுக்குட்டியின் எடை இருக்கும்.

ஸ்டாண்டுக்கு மூன்று கால். அதன் உச்சியில் காமிராவைத் தாங்கி, சாய்க்கவும் திருப்பவும் விடுகிற பாகத்துக்குத் தலை என்று பெயர். வாங்கிய ஸ்டாண்டில் கால்கள் நன்றாக இருந்தன, தலையைக் கரையான் தின்றிருந்தது. அதனால் புதுத் தலை வாங்க மெட்ராசுக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் இரண்டு தலைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் மூன்று கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைத் தளர்த்தினால் மேலும் கீழும் சாயும், இன்னொன்றில் பக்கவாட்டில் சாயும், மூன்றாவதில் சுற்றும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையாது. மற்றது ஒரு கிண்ணமும் அதற்குள் பளபளவென்று ஓர் இரும்பு உருண்டையும். ஒரே திருகு. அதைத் தளர்த்தினால் காமிரா எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும்.

"உன் காமிரா எது?" என்றார் கடைக்காரர். சொன்னேன். "அப்ப மூணு கைப்பிடிய எடுத்துக்கினு போ. உருண்டை சின்ன காமிராவுக்குப்பா. உன்துக்கு முன்பக்க வெயிட்டு தாங்காது."

மூன்று கைப்பிடியைப் பார்த்ததும் எனக்குத் தறி ஞாபகம் வந்துவிட்டது. இதைப் பிடி, அதை விடு, இன்னொன்றை மிதி. அதிலிருந்து தப்பித்துத்தானே ஓடிவந்தேன். "கைப்பிடியெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. நான் தொழில்காரன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உருண்டையைக் காகிதத்தில் சுற்றினார்.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ன, நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். பக்கத்துத் தெரு ஏகாம்பர மேஸ்திரியின் மகள் மங்கையர்க்கரசி. மேஸ்திரி என்றால் சாதாரண ஆள் இல்லை. ஐம்பது தறிக்காரர்கள் அவர் சொன்னால் கேட்பார்கள். கரையில் ஒரு நூல் தவறியிருந்தால் எதிர்த்த வீட்டில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடுவார். என் அம்மா பெண் கேட்டுப் போனபோது அவர் சொன்ன பதில்: "தறிய உட்டுட்டு, பொட்டிக்குள்ள தலைய உட்டுக்கினு நிக்கறதெல்லாம் ஒரு தொழிலாம்மா?"

அம்மா அழாத குறை. அதைப் பார்த்து அவருக்கே மனசு இளகியிருக்க வேண்டும். "சரி, ஆடி வெள்ளிக்கு அம்மன் புடவையோட எங்க பதினோரு பேரையும் புடிக்கட்டும். படம் நல்லா உழுந்துச்சின்னா மேற்கொண்டு பேசலாம்" என்றார்.

அம்மன் புடவை என்பது எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். பதினோரு வீட்டுக்காரர்கள், மேஸ்திரி வீட்டுத் தறியில், ஆளுக்கு ஒன்றரை முழம் நெய்வார்கள். ஒரே புடவையில் பதினோரு கை. ஆடி வெள்ளியன்று ராகு காலத்துக்கு முன்னால் மேளத்தோடு கோயிலுக்குப் போய்விடும். அம்மனுக்குச் சாத்திய பிறகு நெய்தவன்கூட அதைத் தொடக்கூடாது. கோயிலுக்குள் காமிராவுக்கும் அனுமதி இல்லை. ஆக, பத்தரை மணிக்குள் தெருவிலேயே பிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் படமும் இல்லை, மங்கையும் இல்லை.

நான் கவலைப்பட்டேனா என்றால், இல்லை. உருண்டைத் தலை இருக்கிறதே. எட்டு நாள் அதை என் போட்டோக் கடை வாசலில் வைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க விரலால் சுழற்றிக்கொண்டிருந்தேன். மங்கை ஒருநாள் அந்தப் பக்கம் போனவள் நின்று பார்த்துவிட்டு, "அது ஏங்க சும்மா தலைய ஆட்டிக்கினே இருக்குது?" என்று கேட்டாள். "வெளிநாட்டு முறை" என்றேன்.

எட்டு நாளும் அதன்மேல் காமிராவை வைத்துப் பார்க்கவே இல்லை. (சுழற்றுவதற்கு இடைஞ்சலாக இருக்கும் என்று.) ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை மத்தியானம், வைத்தேன். துருத்தியை நீட்டினேன். காமிரா மெல்ல முன்பக்கம் குனிந்து தரையைப் பார்த்தது. திருகை முறுக்கினேன். மறுபடி குனிந்தது. எட்டு நாள் எண்ணெய் குடித்த உருண்டை, கிண்ணத்துக்குள் வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் என் சிநேகிதன், நல்ல தறிக்காரன். அவனைக் கூப்பிட்டேன். அவன் உருண்டையைத் தொட்டுப் பார்த்தான், காமிராவைத் தொட்டுப் பார்த்தான்.

"டேய், பாவு தொவண்டு போச்சின்னா நாம இன்னாடா பண்ணுவோம்?"

"கஞ்சி போடுவோம்."

"அவ்ளோதான். இதுக்கும் போடு."

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முதற்கொண்டு, நெசவுத் தெருவில் தொய்ந்த எதற்கும் கஞ்சிதான் வைத்தியம். பட்டு இழைக்கே விறைப்புக் கொடுக்கும் கஞ்சி, இரும்புக்குக் கொடுக்காதா? எண்ணெயைத் துடைத்துவிட்டு, பாவுக்குக் காய்ச்சுகிற அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் கிண்ணத்துக்குள் ஊற்றி, உருண்டையை உட்கார வைத்து, காமிரா நேராக நிற்கிற வாக்கில் திருகை முறுக்கி வெயிலில் வைத்தோம். சாயங்காலம் காமிராவை ஏற்றிப் பார்த்தால் கோயில் சிலை மாதிரி நின்றது. கன்னியப்பன் மேல் சாய்ந்தான், அப்போதும் அசையவில்லை. உலகத்தில் எந்த போட்டோக்காரனுக்கும் தோன்றாத யோசனை என்று இருவரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேஸ்திரி வீட்டு வாசலில் ஸ்டாண்டை நாட்டினேன். பதினோரு பேரும் வரிசையாக நின்று புடவையைத் தோள் உயரத்தில் நீளமாகப் பிடித்தார்கள். அரக்கு உடல், பச்சைக் கரை, ஜரிகையில் அன்னம். உண்மையைச் சொல்ல வேண்டும், நெய்யத் தெரியாத எனக்கே கண்ணை எடுக்க மனம் வரவில்லை. மேஸ்திரி அன்று மீசைக்கு மை போட்டு, முண்டாசு கட்டி, படத்துக்கென்றே தயாராகி இருந்தார். மற்ற பத்துப் பேரும் குறைந்தது இரண்டு முறையாவது தலை வாரியிருப்பார்கள்.

துணிக்குள் தலையை விட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மேஸ்திரிக்கு நம்பிக்கை வரவில்லை. "நானும் ஒருவாட்டி பாக்கறேன்" என்று வரிசையை விட்டு வந்து துணிக்குள் நுழைந்தார். நுழைந்த வேகத்தில் வெளியே வந்தார்.

"இன்னாபா, எல்லாரையும் தலகீழா தொங்க உட்டு வச்சிக்கிற?"

இந்தக் காமிராவில் உள்ளே பார்த்தால் அப்படித்தான் தெரியும், படத்தில் நேராகிவிடும் என்று விளக்கினேன். மறுபடி நுழைந்தார். இந்த முறை வெகுநேரம் வெளியே வரவில்லை.

"தலகீழா இருந்தாலும் பரவால்ல. கரை கோணலா இருக்குது. இந்தாண்ட ஒரு நூல் எறங்கிக்கிது."

தெரு சாக்கடைப் பக்கம் சரிவு. ஸ்டாண்டு அதற்கேற்பச் சாய்ந்திருந்தது. மூன்று கைப்பிடித் தலையாக இருந்திருந்தால் பக்கவாட்டுக் கைப்பிடியை மட்டும் லேசாகத் தளர்த்தி நிமிர்த்தியிருக்கலாம். என்னிடம் இருந்ததோ ஒரே திருகு. அதைத் தளர்த்தினேன். உருண்டை அசையவில்லை. இழுத்தேன். தள்ளினேன். கஞ்சி அவ்வளவு நேர்மையாக வேலை செய்திருந்தது.

மணி பத்தை நெருங்கியது. மேளக்காரர் ஒத்திகையாக ஒரு தட்டு தட்டினார். பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தோள் வலிக்க ஆரம்பித்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. "கொஞ்சம் வெந்நீர் கெடைக்குமா?" என்று கேட்டேன்.

மங்கைதான் சொம்பில் கொண்டுவந்தாள். "குடிக்கவா?" என்றாள். நான் வாங்கி ஸ்டாண்டின் தலையில் ஊற்றினேன். அவள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.

உருண்டை இளகியது. கரையை நேராக்கினேன், திருகை என் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். மேஸ்திரி நுழைந்து பார்த்து, "இப்ப நூல் புடிச்சாப்பல இருக்குது" என்று போய் நின்றார். நான் கண்ணாடித் தட்டைச் செருகினேன். தட்டைச் செருகிவிட்டால் அதன்பிறகு உள்ளே என்ன தெரிகிறது என்று பார்க்க முடியாது. பெருமையாக முன்னால் வந்து நின்று, யாரும் அசையாதீர்கள், மூச்சு விடாதீர்கள் என்றெல்லாம் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். பிறகு ஓரமாக ஒதுங்கி, கண்ணை அவர்கள் மேலேயே வைத்தபடி லென்ஸ் மூடியைக் கழற்றி, ஒன்று, இரண்டு எண்ணி, மூடினேன். மேளம் கொட்ட, புடவை கோயிலுக்குப் போனது. மங்கையைப் பார்த்து ஒரு சிரிப்புகூடச் சிரித்து வைத்தேன்.

கடைக்குள் இருட்டறையில், சிவப்பு விளக்கில், தட்டைக் கழுவினேன். புடவை வந்தது. கரை நூல் பிடித்தது போல வந்தது. புடவையைப் பிடித்த இருபத்திரண்டு கைகளும், கீழே இருபத்திரண்டு பாதங்களும் வந்தன. அதற்கும் கீழே பாதிப் படத்துக்குத் தெரு மண் வந்தது. கன்னியப்பன் கழற்றிப்போட்டிருந்த செருப்பு தையல் உட்பட வந்தது. பதினோரு கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றுமே வரவில்லை.

நான் சொற்பொழிவு ஆற்றிய நேரத்தில் ஈரக் கஞ்சி தன் வேலையைக் காட்டிவிட்டது. காமிரா மெதுவாகக் குனிந்து, குனிந்து முடித்து, ஆடாமல் நின்ற பிறகுதான் நான் மூடியைக் கழற்றியிருக்கிறேன். அதனால்தான் அத்தனை தெளிவு. நான் முன்னால் மறைத்துக்கொண்டு நின்றதால், குனிந்ததைப் பார்த்த ஒரே ஆள் பின்னால் நின்ற மங்கை. கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "அம்மன் புடவைக்குக் கும்புடு போடுதுன்னு நெனச்சேன். வெளிநாட்டு முறைன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள்.

கன்னியப்பன் படத்தைப் பார்த்துவிட்டு, "தலைங்கள தனியா புடிச்சி மேல ஒட்டிடலாமா?" என்றான். அவன் யோசனைகளைக் கேட்பதில்லை என்று அன்று எடுத்த முடிவை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். அரக்கோணத்துக்கு ரயில் ஏறிவிடலாமா என்றுதான் நினைத்தேன். ஆனால் மங்கை. படத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

மேஸ்திரி வீட்டுக் கூடத்தில் பதினோரு பேரும் அவரவர் சம்சாரத்தோடு காத்திருந்தார்கள். மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். கையால் மீசையை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

"எங்க தலையெல்லாம் எங்கபா?"

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். ஒருவர், "இவனுக்கா பொண்ண குடுக்கறதா இருந்தீங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லத் தயாராக இருந்தேன்.

அப்போது மேஸ்திரியின் சம்சாரம் தனம்மா எட்டிப் பார்த்து, "இதோ இது உங்க காலு" என்றார். "கட்ட வெரலு ஒருபக்கமா தேஞ்சிக்கிது பாருங்க. மிதிக்கட்டைய அமுக்கி அமுக்கி தேஞ்சது." உடனே மற்றப் பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். இது எங்க வீட்டுக்காரர் கால், இது என் மாமனார் கால், இந்த வீக்கம் போன பொங்கலுக்கு வந்தது என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். ஒருவர்கூடத் தவறவில்லை. ஆண்கள் புடவையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் ஒன்றரை முழம் இங்கே ஆரம்பிக்கிறது, இங்கே நீ தறிப் பலகையை ஓங்கி அடித்திருக்கிறாய், இங்கே அன்னத்தின் மூக்கு கூர்மை. எனக்கு ஒரே புடவையாகத் தெரிந்ததில் அவர்களுக்குப் பதினோரு பேர் தெரிந்தார்கள்.

மேஸ்திரி வெகுநேரம் படத்தைக் கையில் வைத்திருந்தார். அவர் விரல் கரையின் மேலேயே போய்க்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"பொடவைய நெஞ்சது இந்தக் கையும் காலும்தான். மூஞ்சி சும்மா பாத்துக்கினுதான இருந்துச்சி. செவுத்துல மாட்டுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கஞ்சி போட்ட விசயம் எனுக்குத் தெரியும்பா. வாசலெல்லாம் கஞ்சி வாசன. அந்த உருண்டைய தூக்கிப் போட்டுட்டு நல்ல தலையா ஒண்ணு வாங்கிக்கினு வா. அப்பால நாள் பாக்கலாம்."

மறுநாளே மெட்ராஸ் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், நான் வாய் திறப்பதற்குள், மூன்று கைப்பிடித் தலையை எடுத்து மேசைமேல் வைத்தார். நாற்பது வருடம் அதுதான் எனக்குச் சோறு போட்டது. ஆயிரம் கல்யாணம் எடுத்திருப்பேன், எல்லாருக்கும் தலை இருக்கும். ஆனாலும் என் மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற அந்தப் படத்துக்கு ஈடாக இன்னொன்றை நான் எடுக்கவில்லை. அந்தப் புடவை அம்மனோடு போய்விட்டது. நெய்தவர்களில் இன்று யாரும் இல்லை. பேரப்பிள்ளைகள் வந்து, இது எங்க தாத்தா கால் என்று தொட்டுக் காட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

போன வருடம் என் பேத்தி கல்யாணம். குடும்பத்தோடு ஒரு படம் நான்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் தலை வாரிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் முப்பது பேர் ஒருவர் பாக்கியில்லாமல் குழாயடியில் வரிசையில் நின்று, தேங்காய் நாரால் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா குழம்பிப்போய், "ஏதாவது பாத பூஜைங்களா?" என்று மங்கையிடம் கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள் மங்கை, தன் காலையும் நீட்டிக் கழுவிக்கொண்டே. "எங்க வூட்டுக்காரரு போட்டோ புடிக்கறாரு."