மண்ணை அடைகாப்பவர்

அடைகாக்கும் பிராணிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, குஞ்சு பொரிந்ததும் எழுந்து போய்விடும். மற்றொன்று, எங்கே குஞ்சு பொரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும். முதலாவது கோழி. இரண்டாவதைப் பார்க்க நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், ஏதாவது ஒரு அலுவலகத்துக்குள் நுழைந்தால் போதும். தனக்குத் தெரிந்த தகவலின் மேல் சப்பணம் போட்டு அமர்ந்திருக்கும்.

நம்முடைய ஆசாமி மண் ஆய்வாளர். இருபத்திரண்டு வருஷமாக வெயிலென்றும் சேறென்றும் பாராமல், கழுத்தளவு குழி வெட்டச் சொல்லி, அதற்குள் தானே இறங்கி, அடுக்கடுக்காக மண்ணைச் சுரண்டிப் பையில் போட்டு, எதில் எவ்வளவு களிமண், எவ்வளவு உப்பு என்று சோதித்து எழுதிவைத்தவர். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது குழிகள். உழைப்பில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அத்தனை விவரமும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் ஒரு பழைய காலுறைக்குள். காலுறை மேசை இழுப்பறைக்குள். சாவி? அது குளிக்கப் போகும்போதுகூட அவருடன்தான் போகும்.

ஆளைக் கருமி என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்தால் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போவார். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடிப்பார். மாநாட்டு மேடையில் ஏற்றிவிட்டாலோ, மண்ணுக்கு எல்லை ஏது, மண்ணைப் பற்றிய அறிவுக்கு வேலி ஏது, எல்லா நாடுகளும் தங்களிடம் உள்ளதைப் பொதுவில் கொட்ட வேண்டாமா என்று முழங்குவார். கைதட்டல் அடங்க நேரமாகும். கீழே இறங்கி வந்ததும் சட்டைப் பையைத் தொட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

அதே அலுவலகத்தின் மாடியில் செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் செய்யும் ஒரு மேடம் இருந்தார். பல நாடுகள் சேர்ந்து தயாரிக்கும் உலக மண் வரைபடத்தில் இந்தப் பகுதி அவர் பொறுப்பு. செயற்கைக்கோள் மேலிருந்து மண்ணின் நிறத்தைப் பார்க்கும், ஈரத்தைப் பார்க்கும். ஒரு முழத்துக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. குழிக்குள் இறங்கியவர் சொல்லித்தான் அது கற்றுக்கொள்ள வேண்டும். சொல்ல ஆளில்லாத இடத்தில், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் வேறொரு நிலத்தின் விவரத்தை எடுத்து ஒட்டிவிடும்.

மேடம் குழி விவரங்களை முதல் முறை கேட்டபோது, இன்னும் சரிபார்க்கவில்லை என்றார் நம்மவர். இரண்டாம் முறை, எந்த வடிவத்தில் வேண்டுமென்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் முறை மேடம் எழுதியே கொண்டுவந்தார். அந்த வடிவம் சரியில்லை என்றார் இவர். நான்காம் முறை, நானே ஒரு கட்டுரை எழுதலாமென்று இருக்கிறேன், அது வந்துவிடட்டும் என்றார். அந்தக் கட்டுரையின் தலைப்பு மட்டும் ஒன்பது வருஷமாகத் தயாராக இருக்கிறது.

"நீங்க கொடுக்கலைன்னா உங்க பகுதிய கம்ப்யூட்டர் ஊகமா நிரப்பிடும் சார்," என்றார் மேடம், கடைசியாக.

"நிரப்பட்டுமே. அப்பத்தான் நம்ம அருமை தெரியும்."

இது நடந்த வாரமே வீட்டில் இன்னொரு சோதனை. மனைவியின் தம்பி, பத்து வருஷம் லாரி ஓட்டி அலுத்தவன், வண்டி வேண்டாம் இனி மண்தான் என்று குடும்ப நிலத்தில் நானூறு எலுமிச்சங்கன்று வைக்கப் போவதாகச் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான். அத்தான் அந்தப் பக்கமெல்லாம் குழி வெட்டிப் பார்த்தவராயிற்றே, அந்த மண் எலுமிச்சைக்கு ஆகுமா என்று பவ்வியமாகக் கேட்டான். எடுத்துப் பார்த்தால் அரை நிமிஷ வேலை. நம்மவரோ தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, வெளியிடாத தகவலை வீட்டில் பேசுவது முறையில்லை என்று அதற்கே கால் மணி நேரம் விளக்கம் சொன்னார். சொந்த மைத்துனனுக்கே மசியாத தன் நேர்மையை மெச்சிக்கொண்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய, சொல்லுங்கள்?

வரைபடம் வெளிவந்தது. நம்மவர் ஒரு வாரம் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துத் தப்புகளை எண்ணினார். வருகிற போகிறவர்களையெல்லாம் இழுத்து உட்காரவைத்துக் காட்டிச் சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷம் அவர் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. மைத்துனனும் தன் போனில் அதைத்தான் பார்த்தான். அவன் நிலம் பச்சை நிறத்தில் இருந்தது. பச்சை என்றால் நல்ல மண், வடிகால் உண்டு, பழமரத்துக்கு ஏற்றது. கன்றுகளை நட்டான்.

இரண்டாம் வருஷம் வேர் கீழே இறங்கியது. இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. மனைவி நச்சரித்ததில் நம்மவர் அவளுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினார். வரப்பில் கால் வைத்ததுமே இடம் தெரிந்துவிட்டது. இடிந்த தொட்டி, அதற்குப் பக்கத்தில் இரட்டையாகக் கிளைத்த மரம். இங்கேதான் குழிக்குள் நின்று, இடுப்புக்குக் கீழே மண்சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, தூவென்று துப்பி, 'கடும் உப்பு' என்று எழுதியிருந்தார்.

மைத்துனன் குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. உலகமே சேர்ந்து போட்ட வரைபடம் இப்படிக் கவிழ்த்துவிட்டதே, இங்கே அடியில் உப்பு இருப்பது யாருக்குமே தெரியாமல் போயிற்றே என்று மட்டும் புலம்பினான். மறுபடி வண்டிக்கே போய்விடப் போகிறானாம்.

மனைவி கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, உங்களுக்குமா தெரியாது?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது வராது.

"தெரியும்," என்றார்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை இழுப்பறையைத் திறந்தார், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு பென் டிரைவில் பிரதியெடுத்தார், மாடிக்குத் தானே ஏறினார், அதை மேடத்தின் மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, இதில் எண்ணூறு குழிகள் இருக்கின்றன, மீதியைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்களுக்கும் எத்தனையோ தெரியும். எந்த வைத்தியரிடம் போகக் கூடாது, எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை விட்டால் மனு திரும்பி வரும், எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பார்த்திருக்கும் வரன் எப்படிப்பட்டவன், எல்லாம் தெரியும். யாரும் கேட்கவில்லையே, நாமாகப் போய் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறீர்கள். நம் ஆசாமியிடம் கேட்கவாவது ஆள் வந்தார்கள். உங்களுக்குத் தெரியும் என்பதே தெரியாமல் எத்தனை பேர் கன்று நட்டுக்கொண்டிருக்கிறார்களோ!