நமக்குக் கோல் விழும்

அந்தப் பழைய கார் ஷோரூம் வாசலில் எள் போட்டால் எள் விழாது. எள்ளே விழாத இடத்தில் கோல் விழும் என்று நம்பித்தான் அத்தனை பேரும் நின்றார்கள்.

எல்லோர் உடம்பிலும் தேசிய அணியின் சட்டை. எல்லோர் மணிக்கட்டிலும் மந்திரித்த வலைக்கயிறு. எல்லோர் கடைவாய்ப் பல்லிலும் சாமி கொடுத்த ஒரு பச்சைத் துணுக்கு. உள்ளே மேடையில் பச்சை விரிப்பு, அதன்மேல் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. அதில் வெள்ளை டிராக் சூட்டும் கழுத்தில் வெள்ளி விசிலுமாக வந்து அமரப் போகிறவர் கோலானந்தர். கோள்களைப் பார்த்துக் கோல்களைச் சொல்பவர். ளகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவே கிடந்த இடுக்கை ஷோரூம் அளவுக்கு அகலப்படுத்திய மகான்.

தேசிய அணி உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்தது என்பது மரியாதைக்கு. ஆட்டம் கண்டுகொண்டிருந்தது என்பதுதான் உண்மை. ஒரு குட்டித் தீவிடம் தோற்றது. அந்தத் தீவின் மொத்த ஜனத்தொகையையும் நம் மைதானத்தின் ஒரு பக்க இருக்கைகளில் உட்கார வைத்துவிடலாம். அவர்களுடைய கோல்கீப்பருக்குத் தொழில் தபால் பட்டுவாடா. லீவு போட்டுவிட்டு வந்து நம்மைத் தோற்கடித்துவிட்டு, மறுநாள் போய்த் தபால் கொடுத்தார்.

ஆனாலும் கணக்குப்படி வாய்ப்பு இருந்தது. கடைசி ஆட்டத்தில் நாம் ஜெயிக்க வேண்டும். பட்டியலில் மேலே இருக்கிறவர்கள் அடியில் இருக்கிறவர்களிடம் தோற்க வேண்டும். இந்தக் கணக்கு புரிந்தவர்கள் வீட்டில் கவலையாக இருந்தார்கள். புரியாதவர்கள் ஷோரூம் வாசலில் சந்தோஷமாக இருந்தார்கள்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முதல் நாள் கோலானந்தர் விசில் ஊதுவார். கூட்டம் அடங்கும். கண்ணை மூடி ஒரே வாக்கியம் சொல்வார்.

"நமக்குக் கோல் விழும்."

விழுந்ததா? விழுந்தது. ஒரு தடவை நாம் போட்டோம், வாக்கு பலித்தது. அடுத்த தடவை நாலு வாங்கினோம், அதுவும் பலித்தது. இன்னொரு ஆட்டத்தில் இரண்டு பக்கமும் எதுவுமே விழவில்லை. பொழுது விடிந்ததும் சாமி மேடையேறி, "மூலையில நட்டிருந்த கொடி காத்துல சாஞ்சுதா இல்லையா? கொடிக்குக் கீழ இருக்கிறது கோலா, குச்சியா? கோல் விழுந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். கூட்டம் கண்ணீர் விட்டது. தமிழ் படித்த வாத்தியார்கள் கூடக் கண்ணீர் விட்டார்கள். அவர்கள் விட்ட காரணம் வேறு.

ஷோரூமுக்கு எதிர்ச் சாரியில் முதல் மாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. அதன் ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் பல் டாக்டர். பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் தேசிய அணியின் கோல்கீப்பர் அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பிக்கு ஊர் வைத்திருந்த பெயர் 'சுவர்'. நாலு கோல் விழுந்த ஆட்டத்துக்குப் பிறகு அது 'ஓட்டைச் சுவர்' ஆயிற்று. விழுந்தது நாலு என்று எல்லோருக்கும் தெரியும். விழாமல் அவன் தடுத்தது எத்தனை என்று எண்ண யாருக்கும் பொறுமை இல்லை.

அன்று காலை அவன் தட்டில் இருந்ததைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, என் நிழல்ல ஓட்டை இருக்காம்."

"வா, வெயில்ல போய் நில்லு. பாத்துடலாம்."

"வெயில்ல தெரியாதாம். மைதானத்து லைட்டுலதான் தெரியுமாம். அதுவும் சாமி கண்ணுக்கு மட்டும்."

"அப்ப கண் டாக்டரைப் பாக்க வேண்டியது அவரு. நீ சாப்பிடு."

"சிரிக்காதக்கா." தட்டைத் தள்ளி வைத்தான். "நாளைக்குக் கடைசி ஆட்டம். என்னை வெளிய உக்கார வைக்கப் போறாங்க. இன்னிக்குச் சாயங்காலம் சாமி மேடையில சொல்லுவாராம், சங்கத் தலைவர் அங்கயே அறிவிச்சுடுவாராம். இனிமே இந்த ஜென்மத்துல எவன் என்னை வலைக்கு முன்னால நிக்க விடுவான்? ஓட்டைன்னு பேர் வாங்கினவனை வாட்ச்மேன் வேலைக்குக் கூட எடுக்க மாட்டாங்க."

அவள் அவன் கையைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு வலைக்கயிறு.

"இது எதுக்குடா?"

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு..."

'எதுக்கும் இருக்கட்டுமே' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இந்த உலகத்தில் எத்தனை பேர் மாடி வீடு கட்டியிருக்கிறார்கள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டாள்.

கோலானந்தருக்கும் வேறு வழி இல்லை. தொடர்ந்து தோற்கிற அணிக்கு ஆருடம் சொல்கிறவர் அவ்வப்போது ஒரு குற்றவாளியையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் திரும்பி அவரையே பார்க்க ஆரம்பித்துவிடும்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரியின் பின்படி வழியாக ஒருவர் ஏறி வந்தார். கன்னம் வீங்கி, கைக்குட்டையால் முகத்தைப் பொத்தியிருந்தார். கால்பந்து சங்கத் தலைவர். காலையில் யாரை விலக்க முடிவு செய்தாரோ அவனுடைய அக்காவிடமே வந்திருக்கிறார். பல்வலிக்கு வெட்கம் ஏது.

"எங்க சார் வலிக்குது?"

"இந்தப் பக்கம் பூரா, டாக்டரம்மா."

"பக்கம் பூராவும் பிடுங்க முடியாது. விரல் வச்சுக் காட்டுங்க."

அது அவளுடைய ஆஸ்பத்திரிச் சட்டம். பிடுங்கிய பல்லைத் திருப்பி நட முடியாது. ஆகவே முதலில் விரல், அப்புறம்தான் குறடு. விரல் வைக்கச் சொன்னால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். வலி நிஜமாக இருந்தாலும் இடம் தெரியாது.

தலைவர் கடைவாயில் விரல் வைத்தார். விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பற்களுக்கு நடுவே ஈறு பழமாகப் பழுத்திருந்தது. இடுக்கியை விட்டு மெல்ல இழுத்தாள். பச்சை நிறத்தில் ஒரு நார் வந்தது.

"என்ன சார் இது?"

"சாமி குடுத்த புல். எதிரி வலைக்கு முன்னாடி கிள்ளின புல்லு. ஆட்டத்தன்னிக்கு மென்னா நம்ம ஆளுங்க காலுக்குப் பலம்."

"எத்தனை ஆட்டமா மெல்றீங்க?"

"மூணு."

"இத்தனை நாளா கரையவே இல்லையே."

"அதுதாம்மா அதோட சக்தி."

அவள் நாரைக் குழாய்த் தண்ணீரில் கழுவினாள். விளக்குக்கு நேரே பிடித்தாள். பிறகு ஜன்னல் வழியாக எதிர்ச் சாரியைப் பார்த்தாள். ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் மேடை, அதன்மேல் பச்சை விரிப்பு. தலைவரின் கடைவாயில் பஞ்சை வைத்து அடைத்தாள்.

"சார், என் தம்பி விஷயம். சாமிகிட்ட மேடையில நான் ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அவரு நேரா பதில் சொல்லிட்டா, நாளைக்கு என் தம்பியை நானே வீட்டுல பூட்டி வைக்கிறேன். மழுப்பினாருன்னா அவன் ஆடுவான். சம்மதமா? வாயை நல்லாத் திறங்க."

"ஆ," என்றார் தலைவர்.

"ஆமான்னு எடுத்துக்கறேன்."

இரண்டு அர்த்தம் வருகிற சொல்லை வைத்துச் சாமியார் மட்டும்தான் பிழைக்க வேண்டுமா?

மாலை. ஷோரூமுக்குள் மூச்சு விட இடமில்லை. கோலானந்தர் விசில் ஊதினார். கண்ணை மூடினார்.

"நாளைக்கு... நமக்குக் கோல் விழும்."

கைதட்டலில் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"ஆனா வலைக்கு முன்னால ஓட்டை நிழல் நிக்கக் கூடாது," என்று ஒரு கண்ணைத் திறந்து தலைவரைப் பார்த்தார். தலைவர் கன்னத்தைப் பிடித்தபடி எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் மேடையில் இருந்தாள்.

"நான் ஒரு கேள்வி கேக்கத் தலைவர் சம்மதிச்சிருக்காரு. இல்லீங்களா சார்?"

பஞ்சோடு தலைவர், "ஆ..." என்றார்.

"ஓட்டையோட அக்காடா," என்றது ஒரு குரல். "இறங்கும்மா," என்றது இன்னொன்று. அவள் சாமியின் அறிவிப்புப் பலகையில் சாக்கட்டியால் ஒரு மைதானம் வரைந்தாள். இந்தப் பக்கம் ஒரு வலை, அந்தப் பக்கம் ஒரு வலை.

"இது நம்ம வலை. இது அவங்க வலை. நாளைக்குக் கோல் எதுல விழும்? விரல் வச்சுக் காட்டுங்க சாமி."

கோலானந்தர் புன்னகை செய்தார். குழந்தையைப் பார்ப்பது போல ஒரு புன்னகை.

"கோள்களுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் கிடையாதும்மா."

"கோல் போஸ்டுக்கு உண்டே."

"நம்பிக்கை இல்லாதவங்க இப்படிக் கேள்வி கேக்கிறதாலதான் நாடு தோக்குது."

கூட்டம் உறுமியது. டாக்டர் சாமியை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"சரி, உங்களையே கேக்கறேன். அந்த மோசமான ஆட்டத்துல நமக்கு எத்தனை கோல் விழுந்துச்சு?"

"நாலு," என்றது கூட்டம், ஒரே குரலில். மறக்கக் கூடிய எண்ணா அது?

"யாரு போட்டது?"

"அவங்க."

"நமக்குன்னு சொன்னீங்களே?"

முன்வரிசையில் ஒரு பஸ் டிரைவர் தலையைச் சொறிந்தார். உள்ளே ஏதோ கியர் மாறுவது வெளியே தெரிந்தது.

"அப்ப... நாம போட்டாலும் நமக்கு விழுந்துச்சு. வாங்கினாலும் நமக்கு விழுந்துச்சு."

"ஒண்ணுமே விழலைன்னா?" என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி.

"கொடிக்குச்சி விழும்," என்றார் டிரைவர் மெதுவாக.

அவர் மனைவிதான் முதலில் சிரித்தாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. பிறகு யாரோ ஆரம்பித்தார்கள், "விரலை வை சாமி." எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். வழக்கமாக மைதானத்தில் கத்துகிற அதே தாளம். விரலை வை, விரலை வை.

கோலானந்தர் எழுந்தார். பலகையருகே போனார். விரலை நீட்டினார். விரல் நம் வலைக்குப் போயிற்று, பின்வாங்கியது. அவர்கள் வலைக்குப் போயிற்று, வியர்த்தது. கடைசியில் மைதானத்தின் மைய வட்டத்தில் போய் உட்கார்ந்தது. மைதானத்திலேயே கோல் விழ வழியில்லாத இடமாகப் பார்த்து வைத்தார் மகான்.

சிரிப்பு அடங்குவதற்குள் சாமி சமாளித்துக்கொண்டார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

"வாக்கை விடுங்க. என் புல் பொய்யா? மென்னவங்க சொல்லட்டும். உடம்புல ஒரு சக்தி ஏறலையா?"

சிலர் தலையாட்டினார்கள். காசு கொடுத்து வாங்கியதில் சக்தி இல்லை என்று சட்டென்று ஒப்புக்கொள்ள முடியுமா?

"யாருகிட்டயாவது தீப்பெட்டி இருக்கா?" என்றாள் டாக்டர்.

மேடையில் விற்க வைத்திருந்த ஒரு புல் பொட்டலத்தைப் பிரித்து இடுக்கியால் ஒரு புல்லை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். தீக்குச்சியைக் காட்டினாள். புல் என்றால் கருகும், சாம்பலாகும். இது சுருண்டது, உருகியது, பச்சைச் சொட்டாக மேடை ஓரத்தில் விழுந்து உறைந்தது. பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் வைத்த நாற்றம் முன்வரிசை மூக்கில் ஏறியது.

"அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்க," என்றாள்.

டிரைவர் ஏறி நகர்த்தினார். நாற்காலி இருந்த இடத்தில் பச்சை விரிப்பு வட்டமாக மொட்டையாகியிருந்தது. சவரம் செய்த தலை மாதிரி. சுற்றி ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிய தடம்.

தலைவர் அந்த மொட்டையைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். பஞ்சைத் துப்பினார்.

"அப்ப மூணு ஆட்டமா நான் மேடையையா மென்னுக்கிட்டு இருந்தேன்?"

கோலானந்தர் பின்வாசல் வழியாகப் போன வேகத்தில் நம் முன்கள ஆட்டக்காரர்கள் ஓடியிருந்தால் தகுதிச் சுற்றே தேவைப்பட்டிருக்காது. விசில் மட்டும் மேடையில் கிடந்தது. துரத்தக் கிளம்பியவர்களை டாக்டர் மறித்தாள்.

"அவரு கிள்ளிக் குடுத்தாரு, சரி. மென்னது யாரு? முதல்ல போய் வாயைக் கொப்புளிங்க."

மறுநாள் சுவர் நின்றது. கையில் கயிறு இல்லை. இடது மூலைக்குப் போன ஒரு பந்தை விரல் நுனியால் தட்டிவிட்டான். அது கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. கோல் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. அவர்கள் வலையில்.

ஜெயித்தோம். தகுதி பெறவில்லை. மேலே இருந்த அணி அங்கே சுலபமாக ஜெயித்துவிட்டது. கணக்குப்படி இருந்த வாய்ப்பு, கணக்குப்படியே போய்விட்டது. ஆனால் தம்பி வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டான்.

அடுத்த நாள் காலை ஜன்னலைத் திறந்த டாக்டர் திகைத்தாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டு முழுக்கக் கூட்டம். ஒருவர் கன்னத்திலும் வீக்கம் இல்லை. முதல் ஆளாக அதே பஸ் டிரைவர், கையில் ஒரு அட்டையில் வரைந்த மைதானத்தோடு.

"என்னங்க, எந்தப் பல்லு?"

"பல்லெல்லாம் நல்லா இருக்கு டாக்டரம்மா. நீங்க வரைஞ்சு வச்ச ராசி, நம்ம ஆளுங்க ஜெயிச்சுட்டாங்க. அடுத்த தகுதிச் சுற்றுக்கு இப்பவே இதுல உங்க கையால ஒரு தடவை தொட்டுக் குடுத்துட்டீங்கன்னா..." என்று குழைந்தார். "எதுக்கும் இருக்கட்டுமே."

பின்னாலிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா, எதிர்ல ஷோரூம் காலியாத்தான் இருக்கு. வாடகைக்குக் கேக்கவா?"

அவள் அவனை முறைத்தாள். உள்ளே போனாள். சற்று நேரத்தில் வாசலில் ஒரு புதிய பலகை தொங்கியது:

'இங்கே பல் மட்டுமே பிடுங்கப்படும். வரும்போதே மூளை இல்லாதவர்கள், கடைசியாக அதை யாரிடம் கொடுத்தீர்கள் என்று விரல் வைத்துக் காட்டவும்.'