மெழுகுதிரி அண்ணை ஏறிய மலையூர்

ஜேர்மனியில் தீயணைப்புப் படையினர் கண்டவுடன் கையசைத்து நலம் விசாரிக்கிற ஒரே தமிழர் எங்கள் மெழுகுதிரி அண்ணைதான்.

சட்டைப்பையில் மெழுகுதிரி இல்லாமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. விசா நீட்டிக்கப் போன இடத்தில், அதிகாரியின் மனம் இளகட்டும் என்று காத்திருக்கும் அறையிலேயே ஒன்றைக் கொளுத்திவிட்டார். சைரன் அலற, கட்டடம் முழுவதும் பனிக்குள் வந்து நின்றது.

"அதிகாரி ஏசினவரோ அண்ணை?"

"ஏசேல்லை. இந்தாளை முதல்லை அனுப்புங்கோ எண்டு உடனை விசாவைத் தந்திட்டார். மாதாவின்ரை வேலை!"

ஒரு கோடையில் ஹம் நகரத் தமிழ்க் கத்தோலிக்கர் நாங்கள் பஸ் பிடித்து இத்தாலிக்கு யாத்திரை போனோம். கடைசி நாள் ஒரு மலையூர். பஸ் அடிவாரத்தோடு சரி. உச்சிக் கோவிலுக்கு நடந்துதான் ஏறவேண்டும். முழங்கால் சத்திரசிகிச்சை செய்திருந்த என் மனைவி அமலி, கால் சுகமானால் அந்தக் கோவிலுக்கு நடந்தே வருவதாக நேர்ந்திருந்தாள்.

"உன்னாலை ஏலாது. பஸ்ஸிலை இரு," என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஏலும், ஏலும். நீங்கள் வாங்கோ பிள்ளை," என்றார் அண்ணை.

ஊர் வாசலின் வளைவில் ஒரு கல்முகம். "புனிதர்!" என்று அண்ணை நின்றுவிட்டார். திரி கொளுத்தி, அமலியை இருத்தி, எல்லோரையும் செபம் சொல்ல வைத்தார். பிறகு கல்வீடுகள் இருபுறமும் நெருக்க, தலைக்கு மேல் வளைவுகள் ஓடும் ஒடுங்கிய சந்து. அங்கே கிணற்றடியில் இன்னொரு புனிதர். சதுரக் கோபுரத்தடியில் மூக்குடைந்த சிங்கம்.

"அண்ணை, அது சிங்கம்!"

"நற்செய்தி எழுதின மாற்கு சுவாமியின்ரை அடையாளமே சிங்கம்தான் தம்பி. மரியாதையாக் கும்பிடும்."

பழைய நகரசபை மண்டபத்தின் முன் ஒரு தொந்திச் சிலை. வரிசையில் நின்று அதன் பாதம் தொட்டு முத்தமிட்டோம். உள்ளூர் வழிகாட்டிப் பெண் பதறி ஓடிவந்து, அவர் புனிதர் அல்ல, வரி பிடுங்கி ஊரை அழவைத்த பிரபு என்று ஜேர்மனில் சொன்னாள்.

"அப்ப இவருக்குத்தான் கூடச் செபம் வேணும்," என்று அண்ணை முழுச் செபமாலையையும் தொடங்கிவிட்டார். மத்தியானம் கோவிலைப் பூட்டிவிடுவார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூட்டுவதற்குச் சற்று முன் உச்சிக்கு வந்தோம். அமலி தன் காலாலேயே நடந்து உள்ளே போனாள். பீடத்தின் முன் நின்றபடியே அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து, "அந்த வரிகாரனுக்குப்போய் முழுச் செபமாலையோ அண்ணை?" என்றேன்.

"ஆராயிருந்தால் என்ன தம்பி? அவருக்குக் கீழை இருக்க நல்ல கல்லிருந்தது. கொஞ்சம் இருந்து காலாறுங்கோ எண்டால் அமலிப் பிள்ளை வெக்கத்திலை இராது. செபம் எண்டபடியால் இருந்தது."

இப்போது அண்ணை இல்லை. அவரில்லாமல் இன்னொரு மலையூர் ஏற எங்கள் இருவருக்கும் மனம் வரவேயில்லை.